வந்த பாதையால் திரும்பாதவர்

மெல்பேர்னில், நோபல் பார்க்கில் நடந்த அவருடைய இறுதிப் பூசைக்கு நான் சிட்னியிலிருந்து போயிருந்தேன். பெட்டியைத் தேவாலயத்தின் முன்வாசலால் உள்ளே கொண்டுபோனார்கள். பூசை முடிந்ததும் அதே முன்வாசலால் வெளியே கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனாலும் என் கண் பக்கச் சுவருக்குப் போனது. பக்கவாசல் ஒன்று திறந்துதான் கிடந்தது. ‘அந்தப் பக்கத்தால கொண்டுபோங்கோ’ என்று சொல்ல வாய் உன்னியது. பெட்டி தூக்குகிறவர்களிடம் போய்ப் பாதை சொன்னால் விசரி, பைத்தியக்காரி என்பார்கள். பெட்டிக்குப் பின்னால் நானும் முன்வாசலால் நடந்தேன்.

வெளியே அவருடைய மகன் என்னிடம் வந்தார். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிற பிள்ளை, கண் சிவந்திருந்தது.

“அக்கா, அம்மா ஏன் எப்பவும் அப்பிடிச் சுத்திச் சுத்தித் திரிஞ்சவா? உங்களோட நல்ல வாரப்பாடுதானே. ஏதும் சொன்னவாவோ?”

“அது ஊர்ப் பழக்கம், தம்பி” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. சிட்னியில், அவர் இருந்த செவன் ஹில்ஸில், எல்லோருக்கும் அவர் அன்ரிதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அன்ரி போன பாதையால் திரும்பி வரமாட்டார். கடைக்குப் போனாலும் சரி, கலியாண வீட்டுக்குப் போனாலும் சரி, போக ஒரு பாதை, வர ஒரு பாதை. நாங்கள் சிட்னிக்கு வந்த புதிதில் அவருடைய பின்வளவில் இருந்த கிரானி பிளாட் என்கிற சின்ன வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். நானும் கணவரும், நடை பழகிக்கொண்டிருந்த மகளும். எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் அன்ரியின் போக்குவரத்து முழுக்கத் தெரியும். காலையில் முன்கேற்றால் நிமிர்ந்து நடந்து வேலைக்குப் போவார். தொழிற்பேட்டையில் பிஸ்கற் பொதி செய்யும் வேலை. பின்னேரம் வேலிக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் இடையில் இருக்கிற சந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வருவார். ஆள் கொஞ்சம் பருமன். வேலைத்தலத்துச் சட்டை வேலிக் கம்பியில் கொளுவிக் கிழியாத மாதமே இல்லை. முன்கேற் பூட்டுக்கூட இல்லாமல் திறந்துதான் கிடக்கும்.

பரமட்டாவுக்குச் சாமான் வாங்கப் போனால் செவன் ஹில்ஸ் ஸ்ரேசனில் ஏறுவார். திரும்பி வரும்போது ரெயின் செவன் ஹில்ஸில் நின்று கதவைத் திறந்து ‘வாங்கோ’ என்றாலும் இறங்கமாட்டார். பிளாக்டவுன் வரை போய் அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். இரண்டு கையிலும் மரக்கறிப் பை தொங்கும். தன் வான் வண்டியில் போனால் பாதை சொல்லுகிற பெட்டியோடு ஓயாத சண்டை. அதற்குள் இருக்கிற பெண்குரல் யூ-ரேர்ன் எடுக்கச் சொன்னால், “நீ வாயை மூடடி. உனக்கென்ன, நீ எங்க போய் வந்தனி?” என்று அதட்டுவார். அந்தக் குரல் எதிர்த்துப் பேசாது என்பதால் ஒவ்வொரு முறையும் அன்ரிதான் வென்றார்.

குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு பிறந்தநாள். அந்த வீடு முட்டுச் சந்துக்குள்ளே இருந்தது, உள்ளே போனால் அதே வாயால்தான் வெளியே வரவேண்டும். அன்ரி வானைப் பெரிய தெருவிலேயே நிறுத்திவிட்டு, ரோல்ஸ் தட்டத்தை ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார், பிள்ளைகளோடு ஆடினார். போகிற நேரம் வந்ததும் வீட்டுக்காரரிடம் பின்வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். நடைபாதை என்று தெரிந்ததும் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். இந்தப் பக்கம் ஒருவர் தாங்க, அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க, வேலி முறிகிற சத்தத்தோடு அன்ரி வீடு போனார். பிள்ளைகள் கேக்கை மறந்தார்கள், அன்ரி வேலி பாய்ந்ததைக் கனகாலம் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தவள்தான்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாய்விட்டுக் கேட்டேன். “ஏன் அன்ரி இந்தப் பாடு?”

அவர் கத்தியை வைக்காமலே சொன்னார். “போகேக்க பார்த்தவன் வரேக்க காத்துக்கொண்டு நிப்பான், பிள்ளை.”

“இங்க ஆர் அன்ரி காத்துக்கொண்டு நிக்கிறது? ஸ்பீட் கமராவோ?”

“சிரி, சிரி. சிரிக்கிற வயசுதானே.”

அவருடைய கணவரை ஊரில் றோட்டில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பி வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மன்னார்ப் பக்கம். குடும்பமாக மடு மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் நடந்தது. மகன் அப்போது மடியில் இருந்த பிள்ளை. அதற்குமேல் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அப்படியான கதைகளை எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள், கேட்டால் பதிலுக்குத் தங்கள் கதையையும் சொல்லவேண்டி வரும்.

பிறகு, பெருநகரத்துக்கு வெளியே வசிக்கவேண்டும் என்ற விசா நிபந்தனைக்காக நாங்கள் பிரோக்கன் ஹில்லுக்குப் போகவேண்டி வந்தது. சிட்னிக்காரர் பலர் வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கிற பாலைவன நகரம். ஊருக்கு நடுவே சுரங்கம் தோண்டிக் கொட்டிய கறுத்த மண்மலை. தெருக்களுக்கெல்லாம் உலோகங்களினதும் உப்புகளினதும் பெயர்கள். கடைசி வீட்டைத் தாண்டினால் சிவப்பு மண்தான், அதற்கு முடிவு கிடையாது. கணவருக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. எனக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. பள்ளி விடுமுறை வந்தால் அன்ரி தன் பழைய வெள்ளை வானில் சிட்னியிலிருந்து தனியாக ஓடி வந்துவிடுவார். சொந்தக்காரர்கூட எட்டிப் பார்க்காத இடத்துக்கு அவர் வந்தார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திரும்பும்போது மட்டும் மெல்பேர்ன் சுற்றி, நோபல் பார்க்கில் மகனைப் பார்த்துவிட்டுத்தான் சிட்னிக்குப் போவார். அது எவ்வளவு பெரிய சுற்று என்பதைக் கணவர் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினார். அன்ரி அதைப் பார்க்கவேயில்லை.

வந்தால் வீட்டில் இருக்கமாட்டார். “பூமியின்ர விளிம்பில கொண்டுவந்து விட்டிருக்கு. விளிம்பையாவது பாக்கவேண்டாமோ?” என்று எங்களைக் கிளப்பிவிடுவார். காலையில் போய்ப் பொழுதுபட முன் வந்துவிடுகிற பயணங்கள். சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்கள் எல்லாம் அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமாயின. ரோல்ஸ், கட்லற், ஒரு சட்டி புளிச்சாதம், இரண்டு பெரிய பிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீ. ஒரு பட்டாளத்துக்குக் காணும். தண்ணீர் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகிற சின்னப் போத்தல்களில் போகும். தண்ணீரையெல்லாம் ஒரு சாமான் என்று மூட்டை கட்டுகிற வழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. தேத்தண்ணி இருக்கிறதே.

முதற்பயணம் சில்வர்ட்டனுக்கு. ஆட்களைவிடக் கழுதைகள் கூடுதலாகத் தெருவில் நடமாடுகிற குட்டி ஊர். ஒரே ஒரு தார்றோட்டு, போனால் அதாலேயே வரவேண்டும். அன்ரி என்ன செய்வார் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அவர் வானின் பின்கதவைத் திறந்து ஒரு பையை எடுத்தார். அதற்குள் உடுப்புகள். தான் ஒரு நீலச் சட்டை போட்டுத் தொப்பி வைத்தார். எனக்குத் தன் கம்பளிச் சட்டையைத் தந்தார். என் மகளுக்கு வேறு ரீசேட்டு. இருக்கைகளையும் மாற்றினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பின்னுக்கு ஏறினார்.

“போகேக்க பார்த்தவனுக்கு வரேக்க நாங்கள் வேற ஆக்களாய் இருக்கோணும்.”

மகளுக்கு எட்டு வயது. “டிரெஸ்-அப் கேம், மம்!” என்று துள்ளினாள். அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் அவளே தன் மாற்றுடுப்பைத் தெரிந்து எடுத்து வைத்தாள். கழுதை ஒன்று எங்களை முகம் மாறாமல் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு வளர்ந்த பெண்கள் பாலைவனத்தில் நின்று உடுப்பு மாற்றுகிறார்கள் என்ற நினைப்பில் நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். அன்ரி சிரிக்கவில்லை. பின்கண்ணாடியால் றோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை மெனிண்டி. பாலைவனத்துக்கு நடுவே கடல்போல ஏரி, அதற்குள் செத்த மரங்கள் வரிசையாக நின்றன. கடலோரத்தில் பிறந்த அன்ரிக்கு அதைப் பார்க்க ஏனோ பொறுக்கவில்லை. “உப்புமில்லை, அலையுமில்லை. இதுக்கு இவ்வளவு எடுப்பு!” என்று ஏரியையே திட்டினார். அங்கிருந்து திரும்ப வேறொரு மண்பாதை கிடைத்தது. தலைமயிர் செம்பட்டையாகும் அளவுக்குப் புழுதி குடித்துக்கொண்டு வந்தோம். அன்ரி ஒரு பழைய கீதத்தைப் பாடிக்கொண்டு ஓட்டினார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை. அந்த மண்பாதை எங்களைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் பிறகு எங்களுக்கு வினையாகிப் போனது.

மூன்றாவது பயணம் ஒக்ரோபர் விடுமுறையில். கணவருக்கு வேலை. நாங்கள் மூவரும் கிளம்பினோம். கைவிட்ட சுரங்க ஊர் ஒன்றைப் பார்ப்பதுதான் எண்ணம். அதற்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஒரு பப்பும் ஒரு பெற்றோல் பம்பும் நாலைந்து தகரக்கூரைகளும்தான். பம்பில் ஒரு கிழவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அகலத் தொப்பி, முழங்கால் தெரியக் கழிசான். பெற்றோல் அடித்துக்கொண்டே எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன் அன்ரி, “ஜஸ்ட் லுக்கிங்” என்றார். முன்பின் தெரியாதவனுக்குப் போகிற இடம் சொல்வது அவருடைய அகராதியில் கிடையாது.

கிழவர் வானைச் சுற்றி வந்தார். ரயர்களைப் பார்த்தார், முன்னுக்கு வந்து இலக்கத் தகட்டைப் பார்த்தார். பின்னிருக்கையில் இருந்த என் மகளையும் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ஒரு கிழமைக்கு முன்னம் பெய்த மழையில் மண்பாதைகள் எல்லாம் கெட்டுப்போய்க் கிடக்கின்றன, வந்த பாதையாலேயே திரும்பி வாருங்கள் என்றார். “நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றும் சொன்னார்.

அன்ரியின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். வானின் திறப்புக் கொத்து கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கிழவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

கைவிட்ட ஊரில் இடிந்த சுவர்களும் ஒரு புகைபோக்கியும்தான் மிச்சம். கொஞ்சம் தள்ளிக் கல்லறைகள், அவற்றில் பாதி சின்னஞ்சிறியவை. அன்று வெயில் திடீரென்று ஏறிவிட்டது. அன்ரி ஒன்றும் சாப்பிடவில்லை. மகள் தன் மாற்றுடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அன்ரி அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவன் வானைப் பார்த்தவன், பிள்ளை. நம்பரையும் பார்த்தவன். உடுப்பு மாத்தி என்ன செய்ய? வானை மாத்தேலாதே.”

“அன்ரி, அந்த மனுசன் எங்கட நல்லதுக்குத்தான் சொன்னது.”

“வந்த பாதையாலயே வா எண்டு ஏன் சொல்லுறான்? மற்றப் பாதையால போகாத எண்டு ஏன் சொல்லுறான்? தான் பார்த்துக்கொண்டு நிப்பன் எண்டு தன்ர வாயாலயே சொல்லிப்போட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?”

அவர் சொன்ன விதத்தில் ஒரு கணம் நானும் கழுத்தைத் திருப்பி வந்த றோட்டைப் பார்த்தேன். ஒருவனுடைய சொல்லை இப்படியும் கேட்கலாமா என்று இருந்தது.

கிழவர் இருந்த ஊருக்குள் போகாமல் சுற்றிப் பெரியறோட்டில் ஏறலாம் போல ஒரு மண்பாதை பிரிந்து போனது. வேண்டாம் என்றேன். இரண்டாந்தரம் குரலை உயர்த்தியே சொன்னேன். வான் அவருடையது, ஸ்டியரிங் அவருடைய கையில். “மெனிண்டியில வந்தனாங்கள்தானே” என்றார். மேலே நன்றாகக் காய்ந்த மண். வானும் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பள்ளத்தில் இறங்கியதும் மேல்மண் அப்பளம்போல நொறுங்கியது, அடியில் களி. முன்ரயர் இரண்டும் அச்சு வரை அமிழ்ந்தன.

போனில் சிக்னல் இல்லை. எங்களை எதிர்பார்க்கக்கூடிய ஒரே ஆளான கணவருக்கு வேலை முடியப் பொழுதுபட்டுவிடும். எங்கே போகிறோம் என்று சொல்லக்கூடாது என்ற அன்ரியின் சட்டத்தால் அவருக்கும் ‘சும்மா சுத்திப்போட்டு வாறம்’ என்றுதான் சொல்லியிருந்தோம். அந்தக் களியில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அன்ரி அழுகிற ஆளில்லை. புளிச்சாதச் சட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு களியைத் தோண்டத் தொடங்கினார். நான் பற்றைகளை முறித்து ரயரடியில் போட்டேன். கால்மிதிகளை இழுத்துச் செருகினோம். வான் உறுமும், சேற்றை வாரி எங்கள் முகத்தில் அடிக்கும், அங்கேயே நிற்கும். தண்ணீர்ப் போத்தல்கள் முடிந்தன. ரோல்ஸின் உறைப்பு தொண்டையில் நின்றது. மிச்சமிருந்த பிளேன்ரீ சீனி போட்டு இறுகிக் கிடந்தது. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஓங்காளித்தாள். அவளுடைய உதடு வெடித்திருந்தது. காகங்கள் சில ஒரு மரத்தில் வந்து குந்திக்கொண்டு எங்களைப் பார்த்தன. அவற்றின்மேல் கல்லெடுத்து எறிந்தேன். எழும்பிச் சுற்றிவிட்டு அதே கொப்பில் வந்து குந்தின.

கடைசியில் வான் அசைந்தது. முன்னுக்கு அல்ல, பின்னுக்கு. பின்பக்கந்தான் இறுகிய மண். வான் குலுங்கிக் குலுங்கிப் பின்னால் ஏறிக் கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் நீண்ட தூரத்துக்கு அதே களிதான், பளபளவென்று கிடந்தது. அன்ரி இறங்கி வலப்பக்கப் பற்றைக்காட்டைப் பார்த்தார்.

“இதுக்குள்ளால சுத்திப் போகலாம்.”

நான் கையை உள்ளே விட்டுத் திறப்பை உருவி எடுத்தேன். பெரியவர் ஒருவரிடமிருந்து ஒரு பொருளைப் பறித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதற்தடவை.

“திறப்பைத் தா, பிள்ளை.”

“தரமாட்டன். அன்ரி, தண்ணி இல்லை. பிள்ளை அழுகுது. வந்த பாதைதான் கிட்ட. அதாலயே போவம்.”

அவர் அடி வாங்கினவர்போல நின்றார். பிறகு களி பூசிய கையோடு அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

“இதைத்தான் நானும் சொன்னனான்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“மடுவால வரேக்க. தம்பியின்ர அப்பா சொன்னவர், சுத்திப் போவம், போகேக்க அவங்கள் எங்களை வடிவாய்ப் பார்த்தவங்கள், போகேக்க பார்த்தவன் வரேக்க காத்துக்கொண்டு நிப்பான் எண்டு. அது அவரின்ர சொல்லு, பிள்ளை, என்ர சொல்லில்லை. தம்பி தண்ணி கேட்டு வீரிட்டுக் கத்தினான். நான்தான் சொன்னனான், பிள்ளை அழுகுது, வந்த பாதைதான் கிட்ட, அதாலயே போவம் எண்டு. அந்த மனுசன் என்ர பேச்சைத் தட்டேல்லை.”

வானுக்குள் மகளின் விசும்பல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

“தம்பிக்கு ஒருநாளும் சொல்லிப்போடாத. தான் அழுததாலதான் அப்பா போனவர் எண்டு அவன் நினைக்கக்கூடாது. பாதை சுத்துற விசரி எண்டு அவன் என்னை நினைக்கட்டும். அது காணும்.”

தம்பிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்களின் வாய்க்குப் பயந்துதான் பெயரை விட்டேன்.

நான் ஓட்டினேன். அன்ரி மறுப்பில்லாமல் பின்னால் ஏறி மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மண்பாதை முடிந்து பழைய றோட்டில் ஏறியதும் அவர் மகளின் தலையை மெல்லத் தன் மடியில் அமத்தினார். மாற்றுடுப்புப் பையிலிருந்த தன் கம்பளிச் சட்டையை எடுத்து அவளை முழுக்க மூடினார். அந்த வெக்கையில்.

“ஐ காண்ட் பிரீத், அன்ரி.”

“கொஞ்ச நேரம், ராசாத்தி. சத்தம் போடாத.”

சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சேறு, அதற்குள்ளால் எல்லாம் செம்மஞ்சளாகத் தெரிந்தது. அந்தச் சின்ன ஊரின் தகரக்கூரைகள் தெரியத் தொடங்கியபோது எனக்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்சத் தூரம், பம்பில் தண்ணீர் இருக்கும், தொலைபேசி இருக்கும். அப்போதுதான் றோட்டின் நடுவே, பின்பக்கம் திறந்த தட்டு வைத்த ஒரு யூட் வண்டி நிற்பதைக் கண்டேன். விளக்குகள் எங்களை நோக்கி எரிந்துகொண்டிருந்தன. அதற்கு முன்னால் ஒரு ஆள். அகலத் தொப்பி. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

போகும்போது பார்த்தவர் காத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழவர் ஏன் நின்றார் என்று பிறகு தெரிந்தது. பின்னேரம் முழுக்க றோட்டைப் பார்த்திருக்கிறார். வெள்ளை வான் திரும்பவில்லை என்றதும் யூட்டில் தண்ணீர் டாங்கியும் கயிறும் மண்வெட்டியும் ஏற்றிக்கொண்டு எங்களைத் தேடப் புறப்பட்டவர், தூரத்தில் எங்கள் விளக்கைக் கண்டு நின்றிருக்கிறார். இலக்கத் தகட்டை மனதில் வைத்திருந்ததும் அதற்காகத்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாம், வழிப்போக்கர் போனால் திரும்பி வருகிறார்களா என்று பார்ப்பது. ஆனால் அந்த நேரம் சத்தியமாக நானும் வானைத் திருப்ப இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பிரேக்கை அமத்தினேன்.

வான் நின்றதும் பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அன்ரி இறங்கிவிட்டார். சேறு பூசிய இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வானின் முன்னால் வந்து, வெளிச்சத்துக்குள் நின்றார். தலை குனிந்திருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். சிங்களம். அவருக்குச் சிங்களம் தெரியும் என்றுகூட எனக்குத் தெரியாது.

“மாத்தயா, லமயா இன்னவா, மாத்தயா. லமயா இன்னவா.”

பிள்ளை இருக்குது, ஐயா. பிள்ளை இருக்குது.

கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கையில் ஒரு தண்ணீர்க் கலன் இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தன் கைகளில் ஒன்றுமில்லை என்று காட்டுகிறவர்போல, தானும் இரண்டு கைகளையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு நின்றார்.

என் மகள்தான் கம்பளிச் சட்டையை உதறிவிட்டு இறங்கி ஓடினாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நேரே கிழவரிடம் போனாள். அவர் குனிந்து கலனைத் தூக்கிச் சரித்துப் பிடித்தார். அவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். தண்ணீர் அவளுடைய நாடியால் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது.

அன்ரி அவள் குடித்து முடிக்கும்வரை கையைத் தூக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் இறக்கினார். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். அந்த மனுசன் நல்லவர் அன்ரி, எங்களைத் தேடி வந்தவர் அன்ரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தார். கிழவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னார்.

“இந்தமுறை விட்டிட்டாங்கள், பிள்ளை. திரும்பிப் பாராமல் நட.”